மைனஸ் பதினெட்டை ஜீரோ என்று காட்டிய என் பெட்டி

போன வருடம் ஜூன் மாதம் மூன்று நாள் நான் பட்ட பாட்டை அப்போது யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. இப்போது எழுதுவதற்குக் காரணம், இதே வேலையைச் செய்யும் தம்பி ஒருவர் போன வாரம் தான் எழுதிய புரோகிராம் கோடைக் (code) காட்டினார். எனக்கு நாற்பதாயிரம் ரூபாய் செலவு வைத்த அதே வரி அதிலும் இருந்தது. நான் வில்லிவாக்கத்தில் வீட்டு மாடியை ஒர்க்‌ஷாப்பாக வைத்திருக்கிறேன். ரிச்சி தெருவில் பொருள் வாங்கி, சின்னச் சின்ன கன்ட்ரோலர், டெம்பரேச்சர் லாகர் எல்லாம் செய்து கொடுப்பதுதான் பிழைப்பு. கூட யாரும் இல்லை. சர்க்யூட், கோடு, வயரிங், பில் போடுவது எல்லாமே நான்தான். அதனால் தப்பு நடந்தாலும் எடுத்துச் சொல்ல ஆள் கிடையாது.

காசிமேட்டில் மீன் மொத்த வியாபாரம் செய்யும் ஒருவர் புதிதாக ஒரு கோல்ட் ரூம் கட்டினார். உள்ளே மூன்று இடத்தில் டெம்பரேச்சர் பார்க்க வேண்டும், வெளியே சுவரில் ஒரு டிஸ்பிளே வேண்டும், மைனஸ் 15-க்கு மேலே ஏறினால் போனுக்கு மெசேஜ் வர வேண்டும். மொத்தம் 65,000 ரூபாய், அட்வான்ஸ் 25,000. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அது முடிந்து போட்டுகள் கரைக்கு வரும்போது ரூம் தயாராக இருக்கணும் என்பதுதான் அவருடைய ஒரே கண்டிஷன். இரண்டு மாதம் வருமானம் இல்லாமல் உட்கார்ந்திருந்தவர். அந்த அவசரம் எனக்கும் நன்றாகவே புரிந்தது.

சென்சாருக்கு டிஎஸ்18பி20 எடுத்தேன். மூன்று வயர், ஸ்டீல் குழாய்க்குள் சீல் பண்ணியது, ஒன்று 150 ரூபாய்க்குள் கிடைக்கும். மைனஸ் 55-லிருந்து 125 டிகிரி வரை அளக்கும். இந்த சென்சார் டிகிரியை அப்படியே அனுப்பாது. ஒரு டிகிரியைப் பதினாறு துண்டாக்கி, எத்தனை துண்டு என்று எண்ணி, அந்த எண்ணிக்கையை இரண்டு பைட்டில், அதாவது பதினாறு பிட்டில் (ஒரு பிட் என்பது 0 அல்லது 1) அனுப்பும். 30 டிகிரி என்றால் 480. அதைப் பதினாறால் வகுத்தால் டிகிரி வந்துவிடும். இதற்கான கோடு என்னிடம் ஏற்கெனவே இருந்தது. இரண்டு வருடம் முன்பு ஒரு ஐஸ்கிரீம் கடைக்கு ஆர்டுவினோ ஊனோ என்ற சின்ன கன்ட்ரோலர் போர்டில் எழுதியது. மேல் பைட்டை எட்டு இடம் இடது பக்கம் தள்ளி, கீழ் பைட்டை அதோடு சேர்த்து, ஒரு இன்ட்டில் (int, கோடில் முழு எண்ணை வைக்கும் வகை) போடும் ஒற்றை வரி. அங்கே மைனஸ் 20 எல்லாம் அச்சு அசலாகக் காட்டியது, இன்று வரைக்கும் ஓடுகிறது. காசிமேட்டு வேலைக்கு வைஃபை வேண்டும் என்பதால் இஎஸ்பி32 போர்டுக்கு மாறினேன். அந்த வரியை அப்படியே எடுத்து ஒட்டினேன். ஓடிக்கொண்டிருக்கும் கோடு என்பதால் மறுபடி ஒரு முறை பார்க்கக்கூடத் தோன்றவில்லை.

மே மாதம், அக்னி நட்சத்திர வெயிலில், மாடியில் உட்கார்ந்து டெஸ்ட் பண்ணினேன். ரூமில் 36 காட்டியது. டீ டம்ளரில் வைத்தேன், 70-க்குப் போனது. ஐஸ் தண்ணீரில் வைத்தேன், 0.3-க்கு வந்தது. சென்னையில் உட்கார்ந்துகொண்டு வேறு எதில் வைத்துப் பார்ப்பது என்று நினைத்தேன். நம் ஊரில் கைக்கெட்டும் பொருள் எதுவும் பூஜ்ஜியத்துக்குக் கீழே இருப்பதில்லை என்றே தோன்றியது. நான் செய்த டெஸ்டில் ஒன்றுகூட மைனஸ் பக்கம் போகவில்லை என்பது அப்போது என் மனதில் படவே இல்லை.

இன்னொன்றும் செய்து வைத்திருந்தேன். இந்த சென்சாருக்குக் கரண்ட் கொடுத்ததும், அளந்து முடிக்கும் முன்பே படித்துவிட்டால், 85 டிகிரி என்று ஒரு எண் வரும். அது அளவு இல்லை, சென்சார் ஆரம்பிக்கும்போது இருக்கும் எண். டிஸ்பிளேயில் திடீரென்று 85 என்று வந்தால் வாடிக்கையாளர் பயப்படுவார் என்று ஒரு ஃபில்டர் போட்டேன். சரியாக 85 வந்தாலோ, 125-க்கு மேலே வந்தாலோ அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, கடைசியாக வந்த நல்ல அளவையே காட்டு. அந்த ‘கடைசி நல்ல அளவு’ ஆரம்பத்தில் 0 என்று வைத்திருந்தேன். இந்த இரண்டு முடிவும் சேர்ந்துதான் என்னைக் குப்புறத் தள்ளின.

ஜூன் 17 சாயங்காலம் ரூமை ஓட விட்டார்கள். 31-லிருந்து இறங்கத் தொடங்கியது. ஐந்து நிமிடத்துக்கு ஒரு அளவு எடுப்பதுபோல் வைத்திருந்தேன். ராத்திரி பத்து மணிக்கு 6 காட்டியது. மூன்று சென்சாரும் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றன, விடிவதற்குள் மைனஸ் 18 தொட்டுவிடும் என்று சொல்லிவிட்டு நிம்மதியாக வீட்டுக்கு வந்து தூங்கினேன்.

விடியற்காலை நாலரைக்கு போன். “தம்பி, உன் பெட்டி இன்னும் ஜீரோல நிக்குது. போட்டு வந்துடுச்சு. சரக்கை நான் எங்க வைக்கிறது?” அடித்துப் பிடித்து ஓடினேன். டிஸ்பிளேயில் 0.4, 0.1, 0.2. ரூமை இன்ஸ்டால் செய்த ஏசி மெக்கானிக்கும் வந்திருந்தார். அறுபது வயதுக்கு மேலே இருக்கும், எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் கையில் ஒரு சின்ன டிஜிட்டல் தெர்மாமீட்டர். அதை உள்ளே வைத்து எடுத்து, “மைனஸ் பதினேழு காட்டுதுப்பா, ரூம் நல்லாத்தான் இருக்கு” என்றார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? “பாய், உங்க மீட்டர் ஒண்ணு. என்னோடது மூணு சென்சார். மூணும் ஒரே மாதிரி தப்பு காட்டாது” என்றேன். அதுவும் எல்லோர் முன்னாலும், குரலை உயர்த்தி. அவர் ஒன்றும் பேசவில்லை. வியாபாரி என் பக்கம் சாய்ந்தார், ஏனென்றால் என் பெட்டி புதுசு, விலை கொடுத்து வாங்கியது. மூன்றும் தப்பு காட்டாது என்று நான் சொன்னதில் பெரிய ஓட்டை இருந்தது. சென்சார்தான் மூன்று. அவற்றைப் படித்தது ஒரே கோடு. கோடு தப்பு என்றால் முப்பது சென்சார் வைத்தாலும் முப்பதும் தப்பாகத்தான் காட்டும்.

அந்த மூன்று எண்ணையும் உற்றுப் பார்த்திருந்தால் அங்கேயே பிடித்திருக்கலாம். ஒரு மணி நேரம் அந்த டிஸ்பிளே முன்னால் நின்றேன். 0.4, 0.1, 0.2. ஒரு புள்ளிகூட அசையவில்லை. ரூம் கதவைத் திறந்து மூடினார்கள், ஆட்கள் உள்ளே போய் வந்தார்கள், அப்போதும் அசையவில்லை. உயிரோடு இருக்கும் சென்சாரின் கடைசி இலக்கம் கொஞ்சமாவது ஆடும். இத்தனை வருட அனுபவத்தில் எனக்கே தெரிந்த விஷயம்தான். பதற்றத்தில் கண்ணுக்குத் தெரியவில்லை. அளவு ஆடாமல் நின்றால் அதை அளவு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

அன்று மத்தியானம் ரிச்சி தெருவுக்குப் போய், சென்சார் டூப்ளிகேட்டாக இருக்குமோ என்று மூன்று கடையில் மாற்றி மாற்றிப் பன்னிரண்டு சென்சார் வாங்கினேன். 1,800 ரூபாய். டிஎஸ்18பி20-இல் போலி நிறைய உலாவுவது உண்மைதான், அதனால் சந்தேகம் அந்தப் பக்கம் போனது இயல்பு. புது சென்சார் மாட்டி ரீஸ்டார்ட் பண்ணினால் மூன்றிலும் சரியாக 0.0. எனக்குச் சந்தேகமே போய்விட்டது. ரூம் ஜீரோவில்தான் நிற்கிறது, இதோ புது சென்சாரும் அதையே சொல்கிறது என்று நம்பிவிட்டேன். உண்மையில் அது சென்சார் சொன்ன எண்ணே இல்லை. ஆரம்பத்தில் நான் வைத்த 0 அது. சென்சாரிடமிருந்து வந்த ஒவ்வொரு அளவையும் ஃபில்டர் தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தது. என் கோடில் நானே எழுதி வைத்த எண்ணை, ரூமின் டெம்பரேச்சர் என்று ஊருக்கே காட்டிக்கொண்டிருந்தேன்.

அதற்குள் செலவு ஏறிக்கொண்டே போனது. சரக்கை வேன் வைத்து வெளியே வேறொரு கோல்ட் ஸ்டோரேஜுக்கு அனுப்பினார்கள். வேனும் கூலியும் 4,500, இரண்டு நாள் வாடகை 8,000. என் பேச்சைக் கேட்டு, பாயை வற்புறுத்தி, ரூமைக் குளிரூட்டும், நன்றாக இருந்த கேஸை இறக்கிவிட்டுப் புதிதாக ஆர்404ஏ கேஸை எடை போட்டு ஏற்ற வைத்தார்கள். அது 11,500. ஏற்றி இறக்கியதில் ஒரு லாட் இறாலின் தரம் குறைந்து, விலையில் 18,000 அடி. கூட்டினால் 42,000. வியாபாரி கத்தவில்லை. “மிச்சக் காசை மறந்துடு தம்பி” என்று மட்டும் சொன்னார். மிச்சம் 40,000. அந்த மாதம் வீட்டு வாடகைக்கு மச்சானிடம் கடன் வாங்கினேன்.

மூன்றாம் நாள் ராத்திரி, தூக்கம் வராமல், ஒரு இஎஸ்பி32 போர்டை டைனிங் டேபிளில் வைத்து, சென்சார் வயரை வீட்டு ஃபிரிட்ஜின் ஃப்ரீஸர் கதவு ரப்பர் வழியாக உள்ளே விட்டேன். ஃபில்டரை எடுத்தேன். டிகிரியாக மாற்றுவதையும் எடுத்தேன். சென்சாரிலிருந்து வரும் எண்ணிக்கையை மட்டும், விநாடிக்கு ஒன்று, லேப்டாப்பில் அச்சிட வைத்தேன். 480, 441, 390 என்று இறங்கியது. மணி ஒன்றரை இருக்கும். 20, 14, 9, 5. கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன். 3, 2, 2, 1, 0, 0. அடுத்த வரியில் 65535. அதற்கடுத்து 65534. அப்புறம் 65531.

அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அழுகை வந்தது என்று சொல்ல வெட்கமில்லை. காலேஜ் இரண்டாம் வருடத்தில் படித்தது. டூஸ் காம்ப்ளிமென்ட், மைனஸ் எண்ணை பிட்டுகளில் எழுதும் முறை. பரீட்சையில் பதிமூன்று மார்க் கேள்வி, முழு மார்க் வாங்கியிருக்கிறேன்.

தெரியாதவர்களுக்காக இதை மெதுவாகச் சொல்கிறேன், ஏனென்றால் ‘புரட்டிப் போட்டு ஒன்று கூட்டு’ என்று மனப்பாடம் செய்ததால்தான் எனக்கு உரிய நேரத்தில் உறைக்கவில்லை. மைனஸ் 18 டிகிரிக்கு சென்சார் அனுப்பும் பதினாறு பிட் இவை: 1111 1110 1110 0000. ஒவ்வொரு பிட்டுக்கும் ஒரு மதிப்பு உண்டு. வலது ஓரத்தில் 1, அடுத்தது 2, 4, 8 என்று இரட்டித்துக்கொண்டே போய், இடது ஓரத்துப் பிட்டின் மதிப்பு 32768. எல்லாவற்றையும் கூட்டினால் 65248. ஆனால் சென்சாரும் நாமும் செய்துகொண்ட ஒப்பந்தம் வேறு. அந்த இடது ஓரத்துப் பிட்டுக்கு மட்டும் மதிப்பு மைனஸ் 32768. மற்ற பதினைந்துக்கும் எந்த மாற்றமும் இல்லை. அப்படிக் கூட்டினால், மைனஸ் 32768-ஓடு 32480, ஆக மைனஸ் 288. பதினாறால் வகுத்தால் மைனஸ் 18. பிட்டுகள் ஒன்றுதான், அவற்றைப் படிக்கும் முறைதான் வேறு. பிட்டைப் பார்த்து இது மைனஸா பிளஸ்ஸா என்று யாராலும் சொல்ல முடியாது. எந்த முறையில் படிப்பது என்பதை நாம்தான் கம்பைலருக்கு, அதாவது நம் கோடைச் சிப்புக்குப் புரியும்படி மாற்றும் புரோகிராமுக்கு, சொல்ல வேண்டும். நான் சொல்லவில்லை. 65248-ஐப் பதினாறால் வகுத்து 4078 டிகிரி என்று கணக்குப் போட்டது, 125-க்கு மேலே என்று ஃபில்டர் அதைத் தூக்கிப் போட்டது.

அப்படியென்றால் ஐஸ்கிரீம் கடையில் எப்படிச் சரியாக ஓடியது? ஊனோவில் இருக்கும் ஏடீமெகா328பி எட்டு பிட் சிப். அதில் இன்ட் என்றால் பதினாறு பிட். பதினாறு பிட்டும் இன்ட்டை ஓரம்வரை நிரப்பிவிடுவதால் இடது ஓரத்துப் பிட் தானாகவே மைனஸ் பிட்டாகிவிடுகிறது. இஎஸ்பி32-இல் இன்ட் முப்பத்திரண்டு பிட். அதே பதினாறு பிட்டை அதில் வைத்தால் இடது பக்கம் பதினாறு இடம் காலி, அவ்வளவும் பூஜ்ஜியம். மைனஸ் பிட்டின் இடத்தில் பூஜ்ஜியம் இருக்கிறது, அதனால் எண் என்றைக்குமே பிளஸ்தான். இன்ட் குறைந்தது பதினாறு பிட் இருக்க வேண்டும் என்பதுதான் சி மொழியின் விதி, அதற்கு மேல் எவ்வளவு என்பது சிப்பையும் கம்பைலரையும் பொறுத்தது. ஊனோவில் என் கோடு சரியாக இருந்தது என்று சொல்வதே தப்பு. அது அங்கே தற்செயலாகச் சரியான விடை கொடுத்தது. தீர்வு ஒரே ஒரு சொல்தான். இன்ட் என்பதை இன்ட்16_டி (int16_t) என்று மாற்றினேன். எந்தச் சிப்பாக இருந்தாலும் சரியாகப் பதினாறு பிட், மைனஸ் உண்டு என்று உறுதியாகச் சொல்லும் வகை அது. 1999-இலேயே சி மொழியில் வந்துவிட்டது. அன்றிலிருந்து சென்சார் பைட் தொடும் எந்த இடத்திலும் நான் வெறும் இன்ட் எழுதுவதில்லை. பழைய கோடை வேறு போர்டுக்கு எடுத்துப் போகிறீர்களென்றால் முதலில் இதைத்தான் தேடுங்கள்.

மைனஸை எப்படி டெஸ்ட் பண்ணுவது என்று கேட்டால், ஃப்ரீஸருக்குக் காத்திருக்கவே வேண்டாம். ஒரு பாத்திரத்தில் ஐஸை நொறுக்கிப் போட்டு இரண்டு கை கல்லுப்பைக் கலந்துவிடுங்கள். தள்ளுவண்டியில் குல்ஃபி விற்பவர்கள் பானைக்குள் இதைத்தான் செய்கிறார்கள். விகிதமும் கலக்கலும் சரியாக அமைந்தால் மைனஸ் 21 வரை இறங்கும், வீட்டில் கைக்கு வந்தபடி கலந்தாலே மைனஸ் 10 வந்துவிடுகிறது. பத்து ரூபாய் உப்பு. மே மாதம் இதைச் செய்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

இதைவிட முக்கியமானது, சென்சாரே இல்லாமல் செய்யக்கூடியது. டிஎஸ்18பி20 டேட்டாஷீட்டில் (தயாரிக்கும் கம்பெனி தரும் விவரத்தாள்) ஒரு சின்ன அட்டவணை இருக்கிறது, 125-லிருந்து மைனஸ் 55 வரைக்கும் பத்து வரி, ஒவ்வொரு டிகிரிக்கும் என்ன பிட் வரும் என்று. அந்தப் பத்தையும் கையால் கோடுக்குள் ஊட்டி, வெளியே என்ன வருகிறது என்று பாருங்கள். நான் அன்று ராத்திரியே செய்தேன். மைனஸ் 10.125 சரி, மைனஸ் 25.0625 சரி. மைனஸ் 0.5 வரியில் டிஸ்பிளே 0.5 என்று காட்டியது. இன்னொரு ஓட்டை! முழு எண்ணைத் தனியாக, புள்ளிக்குப் பின்னால் வருவதைத் தனியாக அச்சிட்டுக்கொண்டிருந்தேன். மைனஸ் 0.5 என்றால் எண்ணிக்கை மைனஸ் 8. அதைப் பதினாறால் வகுத்தால் முழு எண் வெறும் 0, மைனஸ் பூஜ்ஜியம் என்று ஒன்று அங்கே கிடையாது, மைனஸ் அடையாளம் தொலைந்து போகிறது. புள்ளிக்குப் பின்னால் வருவதற்கு நானே மைனஸை எடுத்துவிட்டிருந்தேன். பூஜ்ஜியத்துக்கும் மைனஸ் ஒன்றுக்கும் நடுவில் மட்டும் வரும் தப்பு, எத்தனை நாள் ஃப்ரீஸரில் வைத்திருந்தாலும் கண்ணில் பட்டிருக்காது. அட்டவணை ஒரு நிமிடத்தில் பிடித்துக் கொடுத்தது. மைனஸ் அடையாளத்தை முதலில் தனியாக எடுத்து அச்சிட்டுவிட்டு, மிச்சத்தை பிளஸ் எண்ணாகவே கையாளுங்கள்.

வேறு சென்சார் என்றால் வேறு சிக்கல் வரும், டேட்டாஷீட்டில் மூன்று விஷயத்தைக் கண்டிப்பாகப் பாருங்கள். எந்த பைட் முதலில் வருகிறது, மொத்தம் எத்தனை பிட், அவை எந்தப் பக்கம் ஒட்டியிருக்கின்றன. டிஎஸ்18பி20 கீழ் பைட்டை முதலில் அனுப்பும், டிஎம்பி102 என்ற இன்னொரு டெம்பரேச்சர் சென்சார் மேல் பைட்டை முதலில் அனுப்பும். டிஎம்பி102-இல் அளவு பன்னிரண்டு பிட்தான், அதுவும் பதினாறின் இடது பக்கம் ஒட்டியிருக்கும். அங்கே இரண்டு பைட்டையும் முதலில் இன்ட்16_டியில் வைத்துவிட்டு, பிறகு நான்கு இடம் வலது பக்கம் தள்ள வேண்டும். முதலிலேயே பன்னிரண்டு பிட்டாகச் சுருக்கிவிட்டால் மைனஸ் பிட் நடுவில் மாட்டிக்கொள்ளும், நான் விழுந்த அதே குழியில் நீங்களும் விழுவீர்கள்.

ஃபில்டர் போடுவதை நான் விடவில்லை, ஆனால் முறையை மாற்றிவிட்டேன். தப்பான அளவு வந்தால் பழைய எண்ணைக் காட்டுவதில்லை, டிஸ்பிளேயில் எண்ணுக்குப் பதிலாக ‘- - -’ என்று வரும். எத்தனை அளவைத் தூக்கிப் போட்டேன் என்று எண்ணி அதையும் சர்வருக்கு அனுப்புகிறேன். ஆரம்ப மதிப்பாக 0 வைப்பதே இல்லை. இந்த சென்சாரைப் படிக்க ஏற்கெனவே எழுதி வைத்திருக்கும் கோடுத் தொகுப்பான டல்லாஸ் டெம்பரேச்சர் லைப்ரரி, சென்சார் கழன்றுவிட்டால் மைனஸ் 127 என்று கொடுக்கும். இந்த சென்சாரால் அளக்கவே முடியாத எண் அது, பார்த்தவுடன் தெரிந்துவிடும். அந்த லைப்ரரியையே பயன்படுத்தியிருந்தால் மைனஸ் பிரச்சினையும் வந்திருக்காது. ஒரு அளவுக்கு முக்கால் விநாடி காத்திருக்க வேண்டுமே என்று நானே எழுதப் போனேன், காக்காமலும் அந்த லைப்ரரியில் படிக்கலாம் என்பது பிறகுதான் தெரிந்தது.

வியாபாரியின் ரூமில் அடுத்த நாள் காலையிலேயே புதுக் கோடு ஏற்றிவிட்டேன். மைனஸ் 18.2, 17.9, 18.4. ஒவ்வொன்றும் ஆடிக்கொண்டிருந்தது. அங்கிருந்து நேராகப் புளியந்தோப்பில் இருக்கும் பாயின் கடைக்குப் போனேன். மன்னிப்புக் கேட்கும்போது குரல் சரியாக வரவில்லை. அவர் டீ சொல்லிவிட்டு, “என்னதான் ஆச்சு உன் பெட்டிக்கு, சொல்லு” என்றார். ஜீரோவுக்குக் கீழே போனதும் அறுபத்தையாயிரத்துச் சொச்சத்துக்குத் தாவிவிட்டது என்று விளக்கினேன். கேட்டுக்கொண்டே சுவரில் தொங்கிய நீல பிரஷர் கேஜை எடுத்து என் கையில் வைத்தார். முள் ஜீரோவில் நின்றது. ஜீரோவுக்கு இடது பக்கம் இன்னும் கொஞ்சம் இடம், அதில் வேறு எண்கள். “இது வேக்குவம் பக்கம். கேஸ் ஏத்துறதுக்கு முன்னாடி முள்ளு இங்க போகணும். அதுக்குன்னு கம்பெனிக்காரனே ஜீரோவுக்குக் கீழ இடம் விட்டிருக்கான் பாரு” என்றார்.

இப்போது எந்த ரூமில் என் பெட்டி மாட்டினாலும், அவர் தெர்மாமீட்டரை என் சென்சார் பக்கத்திலேயே கட்டிவைத்து, இரண்டும் மைனஸ் பக்கம் போய் ஒன்றாக நிற்பதைப் பார்த்த பிறகுதான் பில் போடுகிறேன். அதற்கு அவருக்கு 500 ரூபாய் கொடுக்கிறேன். வேண்டாம் என்றுதான் ஒவ்வொரு முறையும் சொல்கிறார்.